லென்ஸ் போட்ட சாமி

முகூர்த்த நேரத்தில் கல்யாண மண்டபத்தில் ஒருவர் கண் சிவந்து, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு நிற்பார். பெண்ணைப் பெற்றவர் அல்ல; மாப்பிள்ளையோடு ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர். “சிநேகிதம்னா இதுதாம்மா” என்று பக்கத்து நாற்காலி மாமி உருகுவார். சிநேகிதத்துக்கும் அந்தக் கண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. ஓமப் புகை கண்ணில் ஏறிவிட்டது. உள்ளே கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது. அவர்தான் லென்ஸ்காரர். ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார். கல்லூரி முடிந்து கல்யாணம் கூடிவரும் பருவத்தில் அதிகம் தென்படுவார். அடையாளம் காண்பது எளிது. மூக்கின் இரு பக்கமும் பழைய ஃபிரேம் அழுத்திய தடம் இருக்கும். பேச்சு சூடுபிடித்தால் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து, இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிடும். தினசரிப் புழக்கத்துக்குக் கண்ணாடி நல்லதா லென்ஸ் நல்லதா என்று குழம்புகிறவர்கள் இவரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். முகவெட்டையும் பவரையும் வைத்து எடுக்கிற முடிவு அல்ல இது. அவரவர் சோம்பலை அளந்து எடுக்க வேண்டிய முடிவு. கண்ணாடி சோம்பேறியை மன்னிக்கும். லென்ஸ் மன்னிக்காது.

முகத்துக்காக லென்ஸுக்குப் போனவர் என்பதால் இவரை வெறும் அலங்காரப் பிரியர் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. மூன்றாம் வகுப்பிலேயே ‘சோடாபுட்டி’ என்று பட்டம் கட்டியது நாம்தான். நம் சினிமாவில் கண்ணாடி போட்ட பெண் படிப்பாளியாக வருவாள், இல்லையென்றால் சிரிப்புக்கு வருவாள். கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் அவளுக்கு டூயட். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் முதல் உத்தரவு, “கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு வாம்மா.” வந்தவர்கள் அவளைத் துல்லியமாகப் பார்த்துவிட்டு பஜ்ஜி சாப்பிட்டுப் போவார்கள், அவள் பார்த்ததோ ஒரு நீலச் சட்டையை மட்டும். இத்தனைக்கும் பத்து ரூபாய் முதல் ஐந்நூறு ரூபாய் வரை நம் நோட்டுகளில் சிரிக்கிறவர் கண்ணாடிக்காரர்தான். 2016க்குப் பின் வந்த நோட்டுகளின் பின்பக்கத்தில் தூய்மை இந்தியா சின்னமாக அவருடைய கண்ணாடி தனியாகவே இடம் பிடித்திருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு பேரை முதலமைச்சராக்கி அழகு பார்த்த மாநிலம் இது. தலைவர்களுக்கு அழகாக இருந்த கண்ணாடி, கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு மட்டும் குறையாகிவிட்டது. ஆகவே லென்ஸ்காரர் கடைக்குப் போன காரணத்தில் பாதிப் பழி நம்முடையது. கடையிலிருந்து வந்த பிறகு அவர் செய்வதெல்லாம் அவருடையது.

காலையில் அவர் லென்ஸ் போடுவதைப் பார்க்க வேண்டும். வாஷ்பேசின் முன்னால் நின்று வலது ஆள்காட்டி விரல் நுனியில் அதை ஏந்துவார். அது சின்னக் கிண்ணம் போல நிமிர்ந்து நின்றால் சரி. விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பக்கவாட்டில் பிடித்து, ஒற்றைக் கண்ணால், நகைக்கடை மதிப்பீட்டாளர் தோரணையில் ஆராய்வார். பிறகு இடது கையால் மேல் இமையைத் தூக்கி, வலது நடுவிரலால் கீழ் இமையை இழுத்து, வாயையும் காரணமில்லாமல் திறந்துகொண்டு, விரலைக் கண்ணை நோக்கிக் கொண்டுபோவார். கண் கடைசி நொடியில் மூடிக்கொள்ளும். லென்ஸ் விழும். “யாரும் தண்ணியத் தொறக்காதீங்க!” என்று அலறுவார். வீடே ஸ்தம்பிக்கும். ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் அகலம் உள்ள, தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாத ஒரு பொருளை, அது இல்லாமல் எதுவும் தெரியாத ஒருவர் தேட வேண்டும். “அது கண்ணுக்குப் பின்னால போயிருந்தா?” என்று அம்மா கவலைப்படுவார். அந்தப் பயம் மட்டும் வேண்டாம்: இமையின் உட்பக்கத்துச் சவ்வு அப்படியே மடிந்து விழியின் வெள்ளைப் பகுதியில் ஒட்டியிருக்கிறது, பின்னால் போக வழியே கிடையாது.

உண்மையில் லென்ஸ் போடுவது சபரிமலைக்கு மாலை போடுவதற்குச் சமம். தொடுமுன் கை சுத்தம், சுத்தம் செய்த கையில் ஈரம் இருக்கக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, நீந்தக் கூடாது. ஒரே வித்தியாசம், இதில் மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றும் நாள் வராது. விதி ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நம் கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் அது கண்ணாடியாகத் தெளிந்திருக்காது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்துதான், கண்ணீர்ப் படலத்தின் வழியாக, அது எடுத்துக்கொள்கிறது. லென்ஸும் போட்டு இமையும் மூடினால் அந்தக் காற்றும் போயிற்று. லென்ஸோடு தூங்குவதால் கண்ணில் தொற்று வரும் அபாயம் ஆறு முதல் எட்டு மடங்கு கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். குழாய்த் தண்ணீரிலும் குளத்திலும் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி சாதாரணமாக வாழ்கிறது. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கு அடியில் கருவிழியில் குடியேறினால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டிய நோய், சில சமயம் பார்வையே போகும். தீபாவளிக்கு தீபாவளி கழுவும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். “நான் கேன் தண்ணியிலதான் அலசுறேன்” என்று லென்ஸ்காரர் பெருமையாகச் சொல்வார். குடிக்க அது போதும். லென்ஸ் அலசக் கிருமி நீக்கிய சொல்யூஷன் ஒன்றுதான் வழி.

இந்த விதிகள் எல்லாம் லென்ஸ்காரருக்கு மனப்பாடம். கடைப்பிடிப்பது முதல் மூன்று வாரம். நாலாவது வாரம் கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறுவார்; கை கழுவ இடமில்லை, ஸ்லீப்பரில் படுத்ததும் தூக்கம் வரும், மதுரையில் சிவந்த கண்ணோடு இறங்குவார். டப்பாவில் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றுவார். பாட்டில் விலை அப்படி. டப்பாவையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால், “டப்பாவுக்குமா எக்ஸ்பயரி?” என்பார். வெங்காயம் நறுக்கும்போது தனக்குக் கண்ணே எரியவில்லை என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். அது ஓரளவு நிஜம். லென்ஸ் கருவிழியை மூடியிருக்கிறதே. பச்சை மிளகாயும் நறுக்கிய அதே விரலால் ராத்திரி லென்ஸைக் கழற்றும்போது அந்தப் பெருமைக்கு வட்டியும் சேர்த்துக் கட்டுவார். மென்மையான லென்ஸைச் சாத்தியமாக்கிய செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டிலேயே, பையனின் விளையாட்டுக் கட்டுமான செட்டையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு அதை வார்க்கும் இயந்திரத்தைச் செய்தார். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்கவே 1971 ஆயிற்று. விளையாட்டுச் சாமானில் பிறந்ததை மருத்துவச் சாதனமாக்கப் பத்து வருடம் பாடுபட்டிருக்கிறார்கள். நம்மவர் நாலே வாரத்தில் அதைத் திரும்பவும் விளையாட்டுச் சாமான் ஆக்கிவிடுகிறார்.

கண்ணாடிக்காரர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்கலாம். ஒன்றும் வாழவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற துணி டப்பாவுக்குள் புத்தம் புதிதாக இருக்க, வேட்டி நுனியால் துடைப்பவர்கள். அதைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுபவர்கள். ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்ததும் ஒரு நிமிஷம் உலகம் வெள்ளையாகிவிடும். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடிக் காம்பைச் செருகுவது தனிக் கலை. இவ்வளவு அசட்டையிலும் அழுக்காவதும் கீறல் விழுவதும் கண்ணாடிதான், கண் அல்ல. விளையாட்டு வீரர்களுக்கு லென்ஸ்தானே தோது என்றால், தோதுதான். கண்ணாடியோடு ஆட வந்த அனில் கும்ப்ளே பிறகு லென்ஸுக்கு மாறினார். ஆனால் 1975 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சதமடித்து கோப்பையை வாங்கிய கிளைவ் லாயிடும், முந்நூறுக்கு மேல் டெஸ்ட் விக்கெட் எடுத்த டேனியல் வெட்டோரியும் கண்ணாடிக்காரர்கள். லென்ஸ் இல்லாமல் தீராது என்று சொல்லத்தக்கவர்கள் வேறு: கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரட்டோகோனஸ் உள்ளவர்கள், இரண்டு கண்ணுக்கும் பவர் வெகுவாக வேறுபடுகிறவர்கள், கண்ணாடி வழியாக உலகமே சுருங்கித் தெரியும் அளவுக்கு மைனஸ் பவர் ஏறியவர்கள். இவர்கள் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுவதும் உண்டு. தேவை வந்தால் ஒழுக்கமும் கூட வரும்.

அப்படியானால் தினம் ஒன்று போட்டுத் தூக்கி எறிகிற லென்ஸ் வாங்கினால் சொல்யூஷனும் வேண்டாம், டப்பாவும் வேண்டாமே என்பது அடுத்த வாதம். நல்ல வாதம்; மருத்துவர்களும் சொல்வதுதான். ஆனால் அந்த வாதம் லென்ஸ்காரரின் வளர்ப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. பற்பசைக் குழாயைக் கத்தரித்துத் திறந்து வழித்த வீட்டில் வளர்ந்தவர், காசு கொடுத்து வாங்கிய பொருளை ஒரே ராத்திரியில் குப்பையில் போடுவாரா? “நல்லாத்தானே இருக்கு” என்று தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாள் லென்ஸை ஒரு வாரம் ஓட்டுவார். சோம்பலை வெல்லச் செய்த பொருளைச் சிக்கனம் வந்து கவிழ்த்துவிடும்.

இதற்கெல்லாம் நாற்பது வயதில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதன் பெயர் வெள்ளெழுத்து. தூரத்துக்கு லென்ஸ் போட்டிருக்கும் கண், கிட்டத்தில் மெனு கார்டைப் படிக்க மறுக்கும்; கை நீண்டுகொண்டே போகும்; கடைசியில் லென்ஸுக்கு மேலேயே படிக்கும் கண்ணாடி ஒன்று ஏறும். மூக்குத் தடத்துக்கு மறுபடியும் வேலை வரும். ஆகவே கண்ணாடியா லென்ஸா என்ற கேள்வியே கொஞ்சம் தப்பு. கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். கண் சிவக்கும் நாளிலும் மெட்ராஸ் ஐ வரும் வாரத்திலும் லென்ஸுக்கு லீவு விட்டாக வேண்டும். லென்ஸ்காரரிடம் அந்த நாளுக்கு இருக்கும் கண்ணாடியோ கல்லூரிக் காலத்துப் பவர். அதனால்தான் சிவந்த கண்ணிலும் லென்ஸையே திணிக்கிறார். கடைக்குப் போகிறவர்கள் முதலில் இன்றைய பவருக்கு நல்ல கண்ணாடி ஒன்று செய்துகொள்ளட்டும். அதன் பிறகும் பணம் மிஞ்சி, தினமும் இரண்டு வேளை கை கழுவிக் காயவைக்கும் பொறுமையும் மிஞ்சியிருந்தால் லென்ஸ் வாங்கலாம். பணத்துக்கு இப்போது இஎம்ஐ கொடுக்கிறார்கள். பொறுமைக்கு இன்னும் எந்தக் கடையும் கொடுக்கவில்லை.