சீக்கிரம் செத்தவர் கையெழுத்து

கையெழுத்து சேகரிப்பவனுக்கு ரொம்பப் பிடித்த தலைவர் யார் தெரியுமா? சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர். வெளியில் சொன்னால் பாவம் என்பார்கள். லண்டன், நியூயார்க் ஏலக் கேட்லாகுகளை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மேய்கிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் பெருமைக்கும் விலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பட்டன் குவின்னெட் என்று ஒருவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 56 பேரில் ஒருவர். 1776-இல் போட்டார், 1777 மே மாதம் லாக்லன் மெக்கின்டாஷ் என்ற ராணுவ அதிகாரியோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போய்க் குண்டடிபட்டு இறந்தார். அந்த 56 பேர் கையெழுத்தையும் முழுசாகச் சேர்த்துவிட வேண்டும் என்று அமெரிக்கப் பணக்காரர்களுக்கு ஒரு தீராத வெறி. 55 பேர் எப்படியோ சிக்கிவிடுவார்கள், குவின்னெட் சிக்க மாட்டார். உலகத்தில் அவருடையது என்று தெரிந்த கையெழுத்துகளே 51 தான். 2010-இல் ஒன்று 7 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஜார்ஜ் வாஷிங்டன், பாவம், நாட்டையே உண்டாக்கினார். ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதித் தள்ளியதால் அவருடைய சாதாரணக் கடிதம் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறு கார்ல் டோனிட்ஸ். ஹிட்லரின் நீர்மூழ்கிப் படைத் தலைவர், பிறகு கடற்படைக்கே தலைவர். ஹிட்லர் செத்தபின் சில வாரம் ஜெர்மனிக்கே தலைவர். நியூரம்பர்க்கில் 10 வருடத் தண்டனை வாங்கி, 1956-இல் வெளியே வந்து, ஹாம்பர்க் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறினார். 1980 வரை இருந்தார். எழுதிக் கேட்டவர்களுக்கு, பென்ஷன்காரர்களுக்கே உரிய சிரத்தையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். அதனால் சரக்கு நிறைய. என் போன்றவன் பர்ஸுக்கும் எட்டும். வாங்கலாமா என்று வீட்டில் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏங்க, உலகத்துல நல்லவங்க கையெழுத்தே கிடைக்கலையா உங்களுக்கு?"

"நல்லவங்க கையெழுத்து விலை ஜாஸ்திம்மா."

"அப்ப ரிசர்வ் பேங்க் கவர்னர் கையெழுத்தைச் சேருங்க. அது ஒவ்வொரு நோட்டுலயும் இருக்கு."

டோனிட்ஸ் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. காந்தி மட்டும்தான் இந்த விஷயத்தில் விவரமானவர்; ஹரிஜன நிதிக்கு 5 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்.

என் கனவு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன். 1797 ஜூலையில் தெனெரீஃப் தீவின் சாண்டா குரூஸைத் தாக்கப் போன இடத்தில் அவருக்கு வலது கை போயிற்று. மூன்றாம் நாளே இடது கையால் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதனால் சந்தையில் இரண்டு நெல்சன்கள் உண்டு: வலக்கை நெல்சன், இடக்கை நெல்சன். வலக்கை அபூர்வம், அப்போது அவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, கடிதத்தை யார் எடுத்து வைத்தார்கள்? போதாக்குறைக்குப் பட்டம் வர வர அவர் கையெழுத்தும் மாறி, கடைசியில் 'நெல்சன் அண்ட் பிரான்டே' என்று ஆகிவிட்டது. எங்கள் பேட்டையில் ஒரு வங்கி உண்டு. என் கையெழுத்தில் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று செக்கைத் திருப்பிய வங்கி அது. நெல்சன் அந்தக் கவுண்டரில் போய் நின்றிருந்தால் டிராஃபல்கார் போருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டார். "புது ஸ்பெசிமன் கொடுங்க சார், ரெண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸ்."

அந்த வங்கி அதிகாரி பார்த்திருக்க வேண்டிய காகிதம் இன்னொன்று. 1945 செப்டம்பர் 2, டோக்கியோ விரிகுடா, மிசௌரி போர்க்கப்பல். ஜப்பானின் சரணாகதிப் பத்திரம் மேஜைமேல் விரித்துக் கிடக்கிறது. நேச நாடுகளின் தலைமைத் தளபதி மெக்கார்தர் பல பேனாக்களை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார். அமெரிக்காவுக்காக அட்மிரல் நிமிட்ஸ் போடுகிறார். கனடாவின் முறை வந்தது. கர்னல் காஸ்கிரேவ் ஜப்பானியர்களுக்கான பிரதியில் ஒரு கோடு தள்ளி, பிரான்ஸின் இடத்தில் போட்டுவிட்டார். பின்னால் வந்த பிரான்ஸ், நெதர்லாந்தின் இடத்தில். நெதர்லாந்து, நியூசிலாந்தின் இடத்தில். நியூசிலாந்துக்காரருக்குக் கோடே இல்லை. அடியில் கிடந்த வெற்றிடத்தில் போட்டார். ஜப்பானியர்கள் கண்டுபிடித்து முணுமுணுக்க, மெக்கார்தரின் தலைமை அதிகாரி சதர்லாண்ட் பேனாவை எடுத்து நாடுகளின் பெயரை அடித்து அடித்துத் திருத்திக் கொடுத்தார். இத்தனை கோடிப் பேர் மாண்ட யுத்தம் இப்படி அடித்தல் திருத்தலோடு முடிந்தது. எங்கள் வங்கியாக இருந்தால் யுத்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

போலிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மிஷேல் ஷால் பிரான்ஸின் பெரிய கணித மேதை, விஞ்ஞான அகாடமி உறுப்பினர். அவருக்கு வ்ரேன் லூகா என்பவன் வருஷக்கணக்கில் பழைய கடிதங்களை விற்றான். நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்ததாகக் காட்டும் கடிதங்கள் வந்தபோது அகாடமியே ஆடிப்போயிற்று. அதோடு விட்டானா? கிளியோபாட்ரா எழுதியது, மகதலேனா மரியாள் எழுதியது, யூதாஸ் எழுதியது, செத்துப் பிழைத்த லாசரஸ் எழுதியது என்று ஆயிரக்கணக்கில் கொடுத்தான். எல்லாம் காகிதத்தில். எல்லாம் பிரெஞ்சில்! எகிப்து ராணி எதற்குப் பிரெஞ்சில் எழுதினாள் என்று அந்த மேதை கேட்கவே இல்லை. 1870-இல் லூகாவுக்கு இரண்டு வருடம் சிறை. எனக்கு ஷால்மேல் கோபம் வருவதில்லை. ஆசை வந்துவிட்டால் கணக்கு வராது.

என்னிடம் உள்ள நிஜச் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். 1840 வரை பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்குத் தபால் இலவசம். ஆனால் முகவரி, ஊர், தேதி முழுவதையும் அவரே தன் கையால் எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம்தான் அனுப்பலாம். கப்பல் கேப்டனாக இருந்து எம்.பி. ஆன ஒருவருடைய உறையின் முன்பக்கம் என்னிடம் இருக்கிறது. மாதத்தையும் தேதியையும் எழுத்தால் எழுதியிருக்கிறார். மை பழுப்பேறி, சில இடத்தில் காகிதத்தைத் தின்றிருக்கிறது. அவர் பெயர் அவருடைய தொகுதிக்காரர்களுக்கே இன்று தெரியாது. அதனால்தான் எனக்குக் கட்டுப்படியானது.

"உள்ளே என்ன எழுதியிருந்தாராம்?" என்றாள் மனைவி.

தெரியாது. விக்டோரியா காலத்து ஆல்பக்காரர்கள் கையெழுத்துள்ள முன்பக்கத்தை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு, கடிதத்தைக் குப்பையில் போட்டார்கள்.

"அப்ப இது முழுக் கவர்கூட இல்லையா?"

இல்லைதான். அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவுக்கு யாராவது தலைவர் எழுதிய கடிதம் பரணில் கிடந்தால், கையெழுத்தை மட்டும் கத்தரித்து எடுக்காதீர்கள். லேமினேஷன் கடைக்கும் கொண்டு ஓடாதீர்கள். உறையோடு அப்படியே வையுங்கள். விற்பதென்று முடிவு செய்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். வீட்டு நம்பருக்குப் பேச வேண்டாம்.