சால்டர் வைத்த கைகளுக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: உயர்திரு வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் அவர்கள், லேப்டாப் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: கிராபிக்ஸ் சிப்பை மாற்றவே முடியாதபடி செய்து தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

ராம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம் என்று ஆசை காட்டிய தாங்கள், கிராபிக்ஸில் மட்டும் எனக்குச் சபலம் வராமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். புது கேமுக்கு 6 ஜிபி வீடியோ மெமரி போதவில்லை என்று லேப்டாப்பை ரிச்சி தெருவுக்குத் தூக்கிப் போனேன். கடைத் தம்பி கீழ்மூடியைக் கழற்றி, செம்புக் குழாய்களை எடுத்து, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துச் சிப்பைக் காட்டினார்.

"சாக்கெட் இல்லண்ணே, போர்டோட சால்டர். அடியில பூரா சால்டர் உருண்டை. ஹீட் பண்ணி எடுத்துரலாம், ஆனா பெரிய சிப் இந்த இடத்துல உக்காராது. உக்காந்தாலும் கரண்ட் பத்தாது, பயாஸும் ஒத்துக்காது."

புது பேஸ்ட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். தங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை.

2004-இல் என்விடியா எம்எக்ஸ்எம் என்ற முறையைக் கொண்டுவந்தபோது தங்கள் துறை எப்படிப் பதறியிருக்கும்! லேப்டாப்பிலும் கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றி மாட்டலாமாம். நல்லவேளை, ஆளுக்கொரு ஹீட்சிங்க், ஆளுக்கொரு பயாஸ் என்று வைத்து, பொது அளவைப் பெயரளவில் நிறுத்தினீர்கள். பிறகு மெலிவு மோகம் வந்து மிச்ச வேலையை முடித்தது. சால்டர் வைத்தால் உயரம் குறையும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மெலிந்த அந்த லேப்டாப்போடு தாங்கள் தரும் சார்ஜர் என் பையில் செங்கல்லாகக் கிடக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சிப் கூட்டாளிகளின் பெயர்சூட்டும் தாராளமும் போற்றத்தக்கது. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 கோர், 24 ஜிபி. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 9,728 கோர், 16 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்பே வேறு. குறைத்தது தெரிந்து நாங்கள் மனம் நோகக்கூடாதென்ற அக்கறை!

வெளியே தனிப் பெட்டியில் கார்டு வைத்து தண்டர்போல்ட் 3-இல் இணைக்கலாம் என்கிறார்கள். டெஸ்க்டாப் ஸ்லாட்டின் 16 லேனுக்குப் பதில் 4 லேன். பெட்டிக்கெனத் தனி பவர் சப்ளை. மடியில் வைக்க வாங்கிய பொருளுக்கு மேசை தேட வேண்டும்.

ஒரு புகாரும் உண்டு. ஃப்ரேம்வொர்க் என்றொரு நிறுவனம் கட்டுப்பாட்டை மீறுகிறது. 2024-இல் வந்த அதன் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸ் தனியாகக் கழன்று வருகிறது. 2025-இல் ஆர்டிஎக்ஸ் 5070 வந்தபோது பழைய லேப்டாப்பிலேயே பொருந்தும்படி விற்றார்கள். இப்படி நடந்தால், "தொழில்நுட்பத்தில் அதற்கு வழியில்லை சார்" என்ற தங்கள் கஸ்டமர் கேர் பதிலை இனி யார் நம்புவார்கள்? உடனே கவனிக்கவும்.

இப்படிக்கு,
வாரண்டி முடிந்த வாடிக்கையாளர்

பி.கு.: கீழ்மூடியின் ஸ்க்ரூக்கள் இன்னும் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கே கழல்கின்றன. அடுத்த மாடலில் சரிசெய்யவும்.