சோபா விவசாயி

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு சோபா விவசாயியைக் கண்டுபிடித்துவிடலாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கார், லாரி, டயர், கண்ணாடி, கைப்பேசி என்று ஏதோ ஒன்றின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்யும் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பக்கம். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, இட்லித் தட்டோடு சோபாவில் சாய்ந்ததும் ரிமோட்டைக் கையில் எடுப்பார். செய்திச் சேனலில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள், தாண்டிப் போவார். கத்தரி இலையைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் அசுவினியை யாரோ ஒருவர் காட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ரிமோட் ஓயும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவரை அசைக்க முடியாது. வேப்பெண்ணெய் எத்தனை மில்லி, அது தண்ணீரோடு கலக்கச் சோப்புக் கரைசல் எவ்வளவு, தெளிப்பது காலையிலா மாலையிலா, எல்லாம் அவருக்கு மனப்பாடம். தெளிக்கச் செடிதான் இல்லை. இவரைப் பார்த்துச் சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் சிரித்த கையோடு, ‘இதெல்லாம் போலி ஆறுதல், நாலு செடி வைத்துப் பார்த்தால்தான் உண்மையான நிம்மதி’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். செடி வைக்காததால்தான் அந்த நிம்மதியே கிடைக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் இவருக்காகப் பிறந்தவை அல்ல. டெல்லித் தொலைக்காட்சி 1967 ஜனவரியில் ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கியபோது, விளைச்சலைப் பெருக்க உழவருக்குப் பாடம் சொல்வதே நோக்கம். அதற்கு முன்பே வானொலி அந்த வேலையை ஆரம்பித்திருந்தது. வானொலியில் கேட்டு விதைத்ததால் ஆடுதுறை 27 ரகத்துக்குத் தஞ்சை வட்டாரத்தில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதில் வந்த ‘வயலும் வாழ்வும்’ வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆயிற்று. எண்பதுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு தண்டனை. பாட்டு நிகழ்ச்சியான ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க உட்கார்ந்தவர்கள் நெற்பயிரின் குலைநோயைப் பற்றி விரிவாகத் தெரிந்துகொண்டு எழுந்தார்கள். அன்று நெளிந்த அதே தலைமுறை இன்று காசு கொடுத்து வாங்கிய பெரிய திரையில் குலைநோயைத் தேடிப்போய்ப் பார்க்கிறது. நிகழ்ச்சி பெரிதாக மாறிவிடவில்லை. அதே வரப்பு, அதே மைக், தலையில் துண்டு கட்டிய அதே ஆள். மாறியது பார்ப்பவருடைய நாள்தான். மக்கள் தொலைக்காட்சி 2006-ல் தொடங்கி ‘மலரும் பூமி’ என்ற விவசாய நிகழ்ச்சியை வழங்கியது. அதே 2006-ல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதலாவதைப் பார்க்கும் ஆளை இரண்டாவது தயார் செய்தது.

அந்த ஆளின் நாளைப் பார்ப்போம். அவர் கை படும் எதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இத்தனை வினாடிக்குள் வேலை முடிய வேண்டும் என்று டேக்ட் டைம் உண்டு. தலைக்கு மேலே தொங்கும் போர்டு, இன்றைய டார்கெட் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு, பின்தங்கியது எவ்வளவு என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். லைன் நின்றால் ஏன் நின்றது என்று ஐந்து முறை கேட்கும் சடங்கு ஒன்று இருக்கிறது. ஐந்தாவது ‘ஏன்’ பெரும்பாலும் யாரோ ஒரு மனிதர் மீது போய் நிற்கும். திரையிலோ பி.கே.எம். 1 செடிமுருங்கை காய்க்க ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். எந்த சூப்பர்வைசராலும் அதை ஐந்தாக்க முடியாது. நெட்டைத் தென்னை காய்க்கத் தொடங்க 6 முதல் 8 ஆண்டு. அதைவிடச் சற்றே கூடுதலான காலத்தில் ஒரு கைப்பேசி ஆலை வந்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பரில் மூடியும் போனதை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. தென்னம்பிள்ளை நடுவதைப் பார்ப்பவருக்கு இது மறந்திருக்காது. அதைவிட முக்கியம், அங்கே வேலை நடக்கிறது, பொறுப்பு அவருடையது அல்ல. ஓய்வு என்றால் வேலையே கண்ணில் படாமல் இருப்பது என்று நினைக்கிறோம். ஜே.சி.பி. பள்ளம் தோண்டும் இடத்தில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். அங்கே நிற்பவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். பிறர் ஒழுங்காக வேலை செய்வதை, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல், நின்று பார்ப்பதைப் போன்ற சுகம் உழைப்பாளிக்கு வேறு கிடையாது.

சரி, அவரே செடி வைத்தால் என்ன ஆகும்? வைத்தவர்கள் இருக்கிறார்கள்; சாட்சியம் அவர்கள் மாடியிலேயே கிடைக்கிறது. படப்பைப் பக்கம் தனி வீடு கட்டிய மேனேஜர் வகையறாவின் மொட்டைமாடிக்குப் போனால் அங்கே தோட்டம் இருக்காது, இன்னொரு பிளாண்ட் இருக்கும். குரோ பேக்குகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கும். தரையில் மஞ்சள் பெயின்ட்டில் நடைபாதைக் கோடு. ஒவ்வொரு பைக்கும் எண், விதைத்த தேதி, பொறுப்பாளர் பெயர். பொறுப்பாளர் பெரும்பாலும் எட்டாவது படிக்கும் மகள். மண்வெட்டியும் பூவாளியும் மாட்டும் இடத்தில் அவற்றின் நிழலுருவம் சுவரில் வரைந்திருக்கும். வெண்டையில் மாவுப்பூச்சி வந்தால் குடும்பம் கூடும்; ஏன் வந்தது என்று ஐந்து முறை கேட்கப்படும்; ஐந்தாவது ‘ஏன்’ மாமியார் மீது போய் நிற்கும். தக்காளியின் ரிஜெக்‌ஷன் சதவீதம் எக்செல்லில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் திங்கட்கிழமை காலை என்றே தோன்றும். தோட்டம் கெட்ட இடம் என்று சொல்லவில்லை. போன இடமெல்லாம் டார்கெட் வைக்கப் பழகிய கை மண்ணைத் தொட்டாலும் அதையேதான் செய்யும். சோபா விவசாயி இதைப் புரிந்துகொண்டுதான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்றால், இல்லை. ஆனால் அவருடைய சோம்பலுக்கு அவரைவிட அறிவு அதிகம்.

பருவமும் அவருக்குத் துணை நிற்கிறது. இங்கிலாந்தில் பிபிசியின் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ 1968-லிருந்து நடக்கிறது. பனிக்காலம் முடிந்து வசந்தம் தலைகாட்டும்போது, வெள்ளிக்கிழமை மாலைகளில் திரும்ப வரும். பார்த்தவர்கள் மறுநாள் சனிக்கிழமை மண்வெட்டியோடு வெளியே போகலாம். நமக்கும் ஏட்டில் சித்திரையும் வைகாசியும் இளவேனில்தான். ஆனால் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், ஸ்ரீபெரும்புதூர் மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது, விதையை எங்கே வைப்பது? 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்தது. ஆகவே அவர்கள் வசந்தத்தில் பார்ப்பது வெளியே போவதற்கு. நாம் பார்ப்பது வெளியே போகாமல் இருப்பதற்கு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை சோபா விவசாயி சித்திரையில் பக்தியோடு சொல்வார். ஆடி வந்ததும் பண்டிகைக் கால விற்பனைக்கு வண்டி வேண்டும் என்று ஓ.டி. ஆரம்பித்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அந்த நேரத்தில் மாடிக்கு மண் ஏற்றச் சொல்ல மாட்டார்கள். தையில் பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும். மாசியிலும் பங்குனியிலும் நிதியாண்டு முடிகிறது, டார்கெட் கழுத்தைப் பிடிக்கும். பிறகு மறுபடியும் சித்திரை. ஆண்டு முழுவதும் இப்படித் தட்டிக்கழித்தாலும், மனச்சாட்சி உறுத்தாமல் தட்டிக்கழிக்க முடிவது இளவேனிலில் மட்டும்தான். அதனால்தான் அந்த மாதங்களில் நிகழ்ச்சி அவருக்கு இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது.

பார்வை மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சாட்சி உண்டு. ராஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு அது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அவர்களில் யாரும் மரம் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, படுத்துக்கொண்டு பார்த்தார்கள். எதிர்க்கட்சி உடனே எழுந்து, ‘அது ஜன்னல் ஐயா, டிவி அல்ல’ என்று சொல்லும். நியாயம்தான். பீட்டர் கான் குழுவினர் 2008-ல் வெளியிட்ட சோதனையும் அவர்கள் பக்கமே பேசுகிறது. லேசான பதற்றத்துக்குப் பிறகு இதயத்துடிப்பு தணிவதில் நிஜ ஜன்னல் ஜெயித்தது. அதே காட்சியைக் காட்டிய பிளாஸ்மா திரை வெற்றுச் சுவரைவிடத் தேறவில்லை. வெறும் பச்சையைக் காட்டினால் போதாது என்பதை இதிலிருந்து ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் ஆள் பார்ப்பது வெறும் பச்சையை அல்ல. ஒரு மனிதர் குழி எடுக்கிறார், தொழுவுரம் போடுகிறார், செடியை இறக்குகிறார், மண்ணை அணைக்கிறார், தண்ணீர் விடுகிறார். தொடங்கிய வேலை கண்ணெதிரே முடிகிறது. ஒரு காரின் ஒரு கதவின் நான்கு போல்ட்டுகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் முடுக்கியவருக்கு அந்த முழுமைதான் மருந்து. அந்தச் சோதனையின் திரையில் அது இல்லை.

அடுத்த ஆட்சேபம் கனமானது. நிகழ்ச்சி பொய் சொல்கிறது என்பது அது. கடைசியில் ஏக்கருக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு என்று ஒரு கணக்கு வரும். தோற்றுப்போன விவசாயியைத் தேடி கேமரா அதிகம் போவதில்லை. உண்மை. அந்தக் கணக்கு வரும்போது சோபா விவசாயி முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இல்லாத நிலத்தால் பெருக்கிப் பார்ப்பதும் உண்மை. எட்டுக்கு நாலு பால்கனி 32 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதாவது அவர் கனவு காண 1,361 பால்கனிகள் தேவை, அவருடைய இ.எம்.ஐ. ஒரு பால்கனிக்கே திணறுகிறது. ஆனாலும் அவர் ஏமாறுகிறார் என்று சொல்ல முடியாது. நிலத்தை நம்பிக் கடன்பட்ட அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தார். ஆழ்துளைக் கிணறு பொய்த்ததும், தக்காளி விலை விழுந்து தெருவில் கொட்டியதும் திரையில் வராவிட்டால், அந்தப் பாதியை அவரே மனதில் போட்டுக்கொள்வார். அவ்வளவும் தெரிந்தவர் என்பதால்தான் கடன் இல்லாத, மழை பொய்க்காத அரை மணி நேர விவசாயத்தின் அருமை அவருக்குத் தெரிகிறது. பரம்பரையில் ஏர் பிடிக்காதவர்தான் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வேலையை விட்டு விவசாயத்துக்குப் போகிறார். நம் ஆள் போக மாட்டார்.

இன்னொரு கேள்வி ஊரிலிருந்தே வரும். ஏரிகளுக்குப் பேர்போன பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மண் இது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர். ஏரிப் பாசன ஊர்களைச் சுற்றி ஷெட்டுகள் எழுந்தன. மனைப்பிரிவுகளுக்கு கிரீன் என்றும் கார்டன் என்றும் பெயர் வைத்தார்கள். வயல் இருந்த இடத்து அடுக்குமாடியில் உட்கார்ந்து வயலை டிவியில் பார்ப்பது வெட்கக்கேடு இல்லையா? வெட்கப்பட வேண்டியவர்கள் இருக்கலாம்; வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஃபிட்டர் அவர்களில் ஒருவர் அல்ல. நிலத்தின் விதியை முடிவு செய்த மேசையில் அவருக்கு நாற்காலி போடவில்லை. பால்கனியில் நாலு தக்காளி வைத்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்று சொல்வதுதான் பெரிய பொய்.

மிஞ்சுவது மனைவியின் ஆட்சேபம். ‘ஏங்க, தோட்டத்தை இவ்வளவு பார்க்கறீங்களே, அந்தக் கறிவேப்பிலைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தக் கூடாதா?’ என்பது அது. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் என்னிடம் இதற்கு இல்லை. அந்தச் செடியை வைத்தவர், வாடாமல் காப்பவர், ரசத்துக்குக் கிள்ளுபவர், எல்லாம் அந்த அம்மாள்தான். வீட்டுக்குள் எந்த டிவியும் காட்டாத ஷிஃப்ட் ஒன்றை அவரும் பார்க்கிறார், அதற்கு ஓ.டி.யும் கிடையாது. பொறுப்பில்லாமல் பார்க்கும் அரை மணி நேரம் மனிதருக்கு மருந்து என்று இவ்வளவு வாதாடிய பிறகு, அதை வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஒதுக்க முடியாது. ஆகவே தீர்ப்பு இதுதான்: சோபா விவசாயி நிகழ்ச்சியைத் தாராளமாகப் பார்க்கட்டும், செடியும் வைக்க வேண்டாம். முடிந்ததும் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ரிமோட்டையும் சோபாவையும் அந்த அம்மாளிடம் கொடுக்கட்டும்.