மட்கார்டில் டொக்கு: வீட்டிலேயே பெரிதாக்கும் வழிமுறை

பைக்கின் முன் மட்கார்டில் எட்டணா அகலத்துக்கு ஒரு டொக்கு. உங்களைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை. டிங்கரிங் கடையில் விட்டால் சத்தமில்லாமல் சரியாகிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வீர்கள்? ஆகவே, கீழ்க்கண்டபடி நடக்கவும்.

1. காந்தம் வைத்துப் பார்க்கவும். ஒட்டாவிட்டால் அநேகமாக பிளாஸ்டிக். கொதிநீர் ஊற்றி உள்ளேயிருந்து தள்ளினாலே டொக்கு பெரும்பாலும் எழுந்துவிடும். இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது. ஒட்டினால் இரும்புத் தகடு. அதற்கும் கொதிநீர் ஊற்றலாம். மட்கார்டு சுத்தமாகும்.

2. மட்கார்டைக் கழற்றாதீர்கள். கழற்றினால் உள்பக்கம் அப்பியிருக்கும் சேறும், அதற்கடியில் அரித்திருக்கும் துருவும் தெரிந்து மனசு கெடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே, விரலே நுழையாத சந்தில், சுத்தியல் எப்படியும் நுழையும் என்று நம்பவும்.

3. தொழில் தெரிந்தவர் வெளியே இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து, உள்ளேயிருந்து, டொக்கின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் பொடிப்பொடியாகத் தட்டுவார். அதற்கெல்லாம் நமக்குப் பொறுமை ஏது? நேராக நடுவில் ஓங்கி ஒரு போடு. அடி வாங்கிய தகடு மெலிந்து விரியும்; விரிந்தது அடங்க இடமில்லாமல் வெளியே புடைக்கும். புடைப்பை வெளியேயிருந்து அடிக்கவும். கட்டைவிரலால் அமுக்கும்போது 'டொக்' என்று உள்ளே போய், விட்டதும் 'டொக்' என்று வெளியே வந்தால், இந்தக் கட்டம் முடிந்தது.

4. இனி பட்டி. நூறு பங்குக்கு இரண்டு பங்கு ஹார்டனர் போதும் என்பார்கள். தாராளமாகப் பிதுக்கவும், பூசுவதற்குள் தகட்டுக் கரண்டியிலேயே கல்லாகிவிடும். மெல்லிசாகப் பல தடவை பூசுவது சோம்பேறிகள் வேலை. பெயின்ட்டைச் சுரண்டாமல், துருவைத் துடைக்காமல், ஒரே அப்பாக அப்பவும். வண்டி அதிர அதிர அதுவே உரிந்து வந்துவிடும்.

5. தேய்ப்பதற்கு 120, 220, 400, 800 என்று வரிசையாக எமரி, வாட்டர் பேப்பர் வாங்கச் சொல்வார்கள். 120 மட்டும் போதும். அந்தக் கீறல்கள் பெயின்ட் அடித்த பிறகு அழகாகத் தெரியும். பட்டிக்காரர்கள் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்ப்பார்கள். நீங்கள் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளவும்.

6. கறுப்பு என்றால் உலகத்தில் ஒரே கறுப்புதான் என்று எண்ணி ஸ்ப்ரே கேன் வாங்கவும். பிரைமர் வேண்டாம். பெயின்ட் வழிகிறவரை கிட்டத்தில் வைத்து அடிக்கவும். பக்கத்து வீட்டுக் கொடியில் வேட்டி காய்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. அவர்களே வந்து சொல்வார்கள்.

7. திங்கட்கிழமை டிங்கரிங் கடைக்குப் போகவும். டொக்கு இப்போது தட்டளவு. "இதுல யார் சார் கை வெச்சது?" என்று கடைக்காரர் கேட்பார். "முந்தின ஓனர்" என்று சொல்லவும். ஷோரூமிலிருந்து எடுத்த நாளாக வண்டி அவரிடம்தான் சர்வீஸுக்கு வருகிறது என்றாலும், தயங்கக் கூடாது.