காட்டைக் காக்கக் கண்ணாடி போடவும்

இயந்திரம் பொல்லாதது, காடு நல்லது. 2009 டிசம்பரில் 'அவதார்' படத்தின் மூலம் ஜேம்ஸ் கேமரூன் உலகத்துக்குச் சொன்ன புத்திமதி இது. இதைச் சொல்ல நியூசிலாந்தின் வெலிங்டனில், வேட்டா டிஜிட்டல் கூடத்தில், ஆயிரக்கணக்கான கணினிகள் ராப்பகலாக ஓடின. அவை கொதித்துவிடாமலிருக்கத் தண்ணீர்க் குளிரூட்டல் வேறு. படத்தில் வரும் பண்டோரா உலகின் காடு பெரும்பாலும் மின்சாரத்தில் முளைத்தது.

கிலோ இரண்டு கோடி டாலர் பெறும் தாதுவுக்காக வில்லன்கள் பெரிய மரத்தைச் சாய்க்கிறார்கள். என்ன பேராசை என்று முப்பரிமாணக் கண்ணாடி வழியே நாமும் பல்லைக் கடித்தோம். படம் 200 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. தாதுவைத் தோண்டாமலே!

டிவிடி எப்போது வந்தது தெரியுமா? 2010 ஏப்ரல் 22, புவி தினத்தன்று. கூடவே பத்து லட்சம் மரம் நடும் திட்டமும். பிளாஸ்டிக் தட்டு வாங்கினால் புண்ணியம் இலவசம்.

சீனாக்காரர்கள் இன்னும் கெட்டி. ஜாங்ஜியாஜியேவில் யுகயுகமாகச் சும்மா நின்றிருந்த தூண் பாறை ஒன்றுக்கு அந்த ஆண்டு ஜனவரியிலேயே 'அவதார் அல்லேலூயா மலை' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பாறையிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. மலைச்சரிவை ஒட்டி 326 மீட்டர் உயரக் கண்ணாடி லிஃப்ட் ஏற்கெனவே தயாராக இருந்தது. கால் வலிக்காமல் இயற்கையோடு ஒன்றிவிடலாம், டிக்கெட் தனி.