பொதுவான பிழை ஒன்று நேர்ந்துள்ளது

பெருநிறுவனங்களின் விற்பனை, சம்பளம், கையிருப்பு முதலியவற்றைத் தொகுத்துத் தரும் அறிக்கை மென்பொருள்கள், பயனர் திரையில் இழுத்துப் போடும் தலைப்புகளை வினவலாக, அதாவது தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்கியூஎல் வாக்கியமாக மாற்றி அனுப்புகின்றன. அவ்வாக்கியம் இடறும்போது அவை பயனருக்குத் தரும் விளக்கத்தை, நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் விலக்கும் பத்துக் குற்றங்களுக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஆரக்கிள் பிஸினஸ் இன்டெலிஜென்ஸ் மென்பொருளின் புகழ்பெற்ற செய்தி, 'நிலை: எச்ஒய்000, குறியீடு: 10058' என்று தொடங்கி, 'பொதுவான பிழை ஒன்று நேர்ந்துள்ளது' என்று தொடர்கிறது. எச்ஒய்000 என்பது, ஓடிபிசி என்னும் தரவுத்தள இணைப்பு முறையில், வேறெந்த வகையிலும் அடங்காத பிழைகளுக்கு ஒதுக்கப்பட்ட குறியீடு. ஆகவே ஏதோ நடந்துவிட்டது என்ற ஒரே செய்தி முதலில் எண்ணாலும் பிறகு எழுத்தாலும் சொல்லப்படுகிறது. கூறியது கூறல் என்னும் குற்றம் இதுவே. அடுத்தடுத்த வரிகளில் காணப்படும் 'என்கியூஎஸ்' என்ற முன்னொட்டு, இம்மென்பொருளை முதலில் உருவாக்கிய என்குவயர் நிறுவனத்தின் எச்சமாகும். அந்நிறுவனத்தை 2001-இல் சீபெல் வாங்கியது, சீபெலை 2006-இல் ஆரக்கிள் வாங்கியது. உரிமை இருமுறை கைமாறியும் பிழைகள் மட்டும் பழைய முதலாளியின் முத்திரையோடே வெளிவந்தன.

உண்மை பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இருக்கும். அங்கே அடிக்கடி தென்படுவது, தரவுத்தளமே எழுப்பும் ஓஆர்ஏ-00942, அதாவது 'அட்டவணை அல்லது காட்சி இல்லை' என்ற பிழை. இருபது அட்டவணைகளை இணைக்கும் வினவலில் எது இல்லை என்று சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். அதைவிடச் சுவையானது, அந்த அட்டவணை பல வேளைகளில் அங்கேயே இருக்கிறது என்பதுதான். கேட்பவருக்கு அனுமதி இல்லாதபோது, இருப்பைக் காட்டிக்கொடுப்பதும் பாதுகாப்புக் குறையே என்று கருதும் தரவுத்தளம், கடன் கொடுத்தவர் கதவைத் தட்டும்போது உள்ளிருந்தே 'அவர் ஊரில் இல்லை' என்று சொல்லும் குடும்பத்தைப் போல நடந்துகொள்கிறது. இதனால் வினவலை நகலெடுத்து, அறிக்கை எந்தப் பயனர் பெயரில் தரவுத்தளத்தில் நுழைகிறதோ அதே பெயரில் ஓட்டிப் பார்ப்பதே முறையாகும். எல்லா அனுமதியும் பெற்ற நிர்வாகி தம் பெயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'எனக்கு ஓடுகிறதே' என்று வழங்கும் தீர்ப்புக்குச் சான்றாக எந்த மதிப்பும் இல்லை. 2024-இல் வெளியான ஆரக்கிள் 23ஏஐ பதிப்பு, காணாத அட்டவணையின் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருப்பது தாமதமான நாகரிகம்.

அடிக்கடி தென்படும் இன்னொரு பிழை ஓஆர்ஏ-01722, அதாவது 'செல்லாத எண்' என்பது. எண்கள் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்ட நெடுவரிசையில் எவரோ ஒரு சிறுகோட்டை இட்டுவைத்திருப்பார். வினவலின் நிபந்தனை அந்த வரியை முன்னதாகவே கழித்துவிடும் வரை தீங்கு இல்லை. எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் ஆப்டிமைசர் என்ற உறுப்பு ஒரு நாள் வரிசையை மாற்றி, அந்தக் கோட்டை எண்ணாக மாற்ற முயல, அறிக்கை படுத்துவிடுகிறது. 'நேற்று வரை ஓடியது, எதையும் மாற்றவில்லை' என்று பயனர் கூறுவது அப்போது முழு உண்மை. உதவி மேசையில் எவரும் நம்பாத உண்மையும் அதுவே.

பிழையே காட்டாத பிழைகளும் உண்டு. 500 ரூபாய் சரக்குக் கட்டணம் கொண்ட ஓர் ஆர்டரை அதன் 4 பொருள் வரிகளோடு இணைத்துக் கூட்டினால், கட்டணம் வரிக்கு ஒருமுறை எண்ணப்பட்டு 2000 ஆகிறது. விசிறிப் பொறி எனப்படும் இந்நிலையில் செய்தி எதுவும் தோன்றாது, வரைபடமும் அழகாக அமையும், வருவாய் கூடிவிட்டது என்று எந்தத் துறைத் தலைவரும் புகார் கொடுப்பதில்லை.

ஆகவே, பிழைச் செய்தி தோன்றும் பேறு வாய்த்தவர்கள், அதன் முதல் வரியை மட்டும் படம் பிடித்து உதவி மேசைக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு, கடைசி வரி வரை எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புவார்களாக.