தொண்ணூறு நாள் டென்மார்க்காரர்

ஜெயபுரம் சந்தித் தேத்தண்ணிக் கடை வாங்கில், பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருவர் வந்து அமர்கிறார். காலில் சப்பாத்து. சப்பாத்துக்குள் காலுறை. சித்திரை வெயிலில், ஏ-32 வீதிப் புழுதியில், காலுறை! "அங்கை பழகிப்போச்சு" என்பார், யாரும் கேட்காமலே.

இவர் டென்மார்க்கில் இருந்தவரல்லர், போய் வந்தவர். இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. முப்பது வருடம் அங்கே குடியிருப்பவர் ஊருக்கு வந்தால் வரி, குளிர், முதுகுவலி என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டு ஆட்டிறைச்சிக் கறியைத் தேடிப் போய்விடுவார். போய் வந்தவருக்கு அது கட்டாது. ஷெங்கன் விசா கொடுத்ததோ வெறும் 90 நாள். அதை எஞ்சிய ஆயுளுக்கும் பங்கிட்டுச் செலவழித்தாக வேண்டும். பூநகரிப் பக்கம் ஊருக்கு ஒரு சுவிஸ்காரர், ஒரு கனடாக்காரர் இப்படி உண்டு. ஜெயபுரத்துக்கு வாய்த்தவர் டென்மார்க்காரர்.

போகும்போது பெட்டியில் ஐந்து கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசி, பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள். அவற்றோடு அவர் கொண்டுபோன இன்னொன்று விமான நிலையத் தராசில் ஏறவில்லை. அது ஜெயபுரத்து அளவுகோல். ஐரோப்பாவின் எந்த அதிசயத்தையும் அதில் வைத்து அளக்காமல் அவர் விட்டதில்லை.

மகள் இருப்பது ஹேர்னிங்கில். டெனிஷ்காரர் ஊர்ப்பெயரில் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். இவர் அவர்கள் விழுங்கியதையும் மீட்டு உச்சரிப்பார். அங்கிருந்து கோப்பன்ஹேகனுக்குப் போகக் கடலைக் கடக்க வேண்டும். 1998இல் வாகனங்களுக்குத் திறந்துவிட்ட பெரிய பெல்ட் பாலம், நடுவில் ஒரு சிறு தீவையும் சேர்த்து, 18 கிலோமீட்டர். அதில் தொங்கு பாலத்தின் நடு இடைவெளி மட்டும் 1,624 மீட்டர். மருமகன் பெருமையோடு காட்டினார். மாமா பார்த்தது சுங்கச்சாவடியை. ஏறத்தாழ 250 குரோன். மனதுக்குள் 45ஆல் பெருக்கி முடிக்கும்போது பாலம் பின்னால் கண்ணுக்கு மறைந்திருந்தது. "சங்குப்பிட்டிப் பாலத்துக்கு ஒரு சதம் கேக்கிறாங்களே?" 2011இல் திறந்த அந்தப் பாலம் 288 மீட்டர்தான். ஆனால் அதற்கு முன் கேரதீவில் மிதவைப் பாதைக்காகக் காத்து நின்றவருக்கு 288 மீட்டர் சின்ன நீளம் இல்லை.

மலை விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பானவர். சில்கெபோர்க் அருகே வானமலை என்று பொருள்படும் பெயரோடு ஒரு குன்று இருக்கிறது. உயரம் 147 மீட்டர். நாட்டின் உச்சியே 171 மீட்டரைத் தொடாது. மேலே ஏறி, காற்று வாங்கி, படமும் எடுத்த பிறகு கேட்டாராம்: "சரி தம்பி, மலை எங்கை?" இரணைமடுக் கட்டு கொஞ்சம் வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்பது சந்தியில் அவர் தந்த தீர்ப்பு. தட்டையான நிலம், எந்தப் பக்கம் போனாலும் 52 கிலோமீட்டருக்குள் கடல், ஓயாத காற்று. பூநகரியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தது போல. இதை நான் சொல்லவில்லை, அவர் சொன்னது. ஆனால் பிழை சொல்ல முடியவில்லை.

ஆனி மாதத்தில் இரவு பத்து மணி கடந்தும் அங்கே வெளிச்சம். பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகே சாப்பிடும் பழக்கம் இவருக்கு. முதல் கிழமை முழுவதும் மகளின் வீட்டில் இரவுச் சாப்பாடு பதினொரு மணிக்கு. பேரப்பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்கினார்கள்.

கோப்பன்ஹேகனில் கடற்கன்னியைப் பார்க்க வரிசையில் நின்றார். 1913இல் வைத்த வெண்கலச் சிலை; உயரம் ஒன்றே கால் மீட்டர். தலையை இரண்டு தரம் வெட்டிக்கொண்டு போனார்கள், 1964இலும் 1998இலும். சிலையின் அழகைவிட இந்தச் செய்திதான் அவரைப் பிடித்தது. "தலை போன சிலையை அவங்கள் திருப்பிச் செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்று வியந்தார். அதே நகரத்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்கத் தகட்டில் எழுதுவித்த தமிழ்க் கடிதம் இருக்கிறது. தரங்கம்பாடிக்குக் கோட்டை வந்த கதை அதில்தான் தொடங்குகிறது. அங்கே மாமாவை யாரும் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போயிருந்தால் எத்தனை பவுண் என்று கேட்டிருப்பார்.

ஓடென்ஸவில் அண்டர்சன் வீடு. செருப்புத் தைத்தவரின் மகன், கதை எழுதியே உலகப் புகழ் பெற்றவர் என்று பேத்தி விளக்கினாள். "காணி கீணி இருந்ததோ?" பில்லுண்ட் லெகோலாந்தில் பிளாஸ்டிக் கற்களால் கட்டிய குட்டி ஊரைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை லட்சத்தில் ஒவ்வொரு கல்லாக எண்ணி வீடு எழுப்பியவர் அல்லவா? "ஒரு பை சீமெந்து இல்லாமல் முழு ஊரும் நிக்குது" என்று இன்றைக்கும் மேசன்மாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சந்தியில் அவர் அதிகம் சொல்லாத ஊர் ஓர்ஹூஸ். அங்கே 'பழைய நகரம்' என்றொரு திறந்தவெளி அருங்காட்சியகம், 1914 முதல் இருக்கிறது. நாட்டின் பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, அப்படியே திரும்பப் பூட்டித் தெருத்தெருவாக நிறுத்தியிருக்கிறார்கள். 1597இல் கட்டிய ஒரு வீட்டின் முன் மாமா நின்றுவிட்டார். மருமகன் விளக்கம் சொல்லச் சொல்ல, அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்களும் கழற்றினாங்கள்" என்றார்.

2008இல் சண்டை மன்னார்ப் பக்கமிருந்து ஏறி வந்தபோது, சனம் ஓட்டையும் மரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டுதான் கிழக்கே போனது. இவர் ஏற்றியது 1,400 ஓடு. தருமபுரத்தில் இறக்கி எண்ணியபோது 900. அதற்குப் பிறகு எண்ணவில்லை. "இவங்கள் ஒரு ஓடும் உடையாமல் கொண்டுவந்திட்டாங்கள் என்ன?" என்றார். மருமகன் கொஞ்ச நேரம் பொறுத்து, "மாமா, ஐஸ்கிறீம் குடிப்பமோ?" என்று கேட்டார். குடித்தார். எத்தனை குரோன் என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

சந்தியில் அவருக்குக் கூட்டம் சேர்க்கும் கதை வேறு. "எங்கடை சனத்தாலை அங்கை ஒரு பிரதமரே வீட்டுக்குப் போனவர், தெரியுமோ?" இதைக் கேட்டதும் கரம் விளையாடும் பெடியள்கூடத் திரும்புவார்கள். கதை உண்மைதான். 1987இல் நீதி அமைச்சராயிருந்த ஏரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்பங்களை அழைப்பிக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சருக்கு 1995இல் நான்கு மாத ஒத்திவைத்த சிறை. அந்த நாட்டு வரலாற்றில் இதற்குப் பெயரே 'தமிழர் வழக்கு'.

"விண்ணப்பக் கடதாசியைக் கிடப்பிலை போட்டதுக்கோ?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

"ஓம், அதுக்குத்தான்."

"அப்ப இங்கை கச்சேரியிலை ஒருத்தரும் மிஞ்சமாட்டினம், ஐயா."

கடைக்காரர் தேத்தண்ணியைச் சிந்திவிட்டார்.

இத்தனை நகரம் பார்த்தவரின் கைபேசியில் 600 படங்கள். நகரங்களுக்கு நூறு தேறாது. மிச்சமெல்லாம் ஹேர்னிங் சித்திவிநாயகர் கோயில், பிரண்ட அபிராமி அம்மன் கோயில். அன்னதான வரிசையில் முழங்காவில் ஆளொருவரைக் கண்டுபிடித்து, அவரோடு மட்டும் எடுத்தவை இருபத்தெட்டு. "டென்மார்க் எப்படி?" என்று அந்த ஆளிடம் கேட்டாராம். அவர் வரி, குளிர், முதுகுவலி என்றாராம்.

எல்லாம் போக, அவர் உண்மையாகவே கற்றுக்கொண்டு வந்தது ஒன்று உண்டு. அங்கே வெற்றுப் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் காசு. தகரப் பேணிக்கு ஒரு குரோன், சின்னப் பிளாஸ்டிக் போத்தலுக்கு ஒன்றரை, பெரியதற்கு மூன்று. தொண்ணூறு நாளும் பேரனோடு பூங்காக்களில் பொறுக்கியிருக்கிறார், மகள் தலையிலடித்துக்கொள்ள. இப்போது அவர் வீட்டுப் படலையில் ஓர் உரப்பை தொங்குகிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சோடாப் போத்தல்களைக் கொண்டுவருவார்கள். குரோனுக்குப் பதில் டொபி, விலைப்பட்டியல் அதேதான்.

போன சனிக்கிழமை ஒரு சின்னப்பெண் ஒரேயொரு சின்னப் போத்தலோடு வந்து நின்றாள். மாமா ஒரு டொபியை அவள் கையில் வைத்தார். இன்னொன்றின் தாளை உரித்து, பாதியைக் கடித்து வாயில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கவனமாகத் தாளில் சுற்றி நீட்டினார். "ஒண்டரை" என்றார். அவள் வாங்கவில்லை.